சிரங்கு ஆறிய பிறகு

குழந்தை மருத்துவர்களுக்கு மனப்பாடமாகிவிட்ட கதை ஒன்று உண்டு. எட்டு வயதுப் பையன். காலையில் எழும்போது முகம் உப்பியிருக்கிறது. இமைகள் வீங்கிக் கண் இடுங்கிக் கிடக்கிறது. பூச்சி ஏதாவது கடித்திருக்கும் என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். மாலைக்குள் வீக்கம் பாதி வடிந்துவிடுவதால் அந்த நினைப்பு உறுதியாகிறது. மறுநாள் கணுக்காலும் வீங்குகிறது. சிறுநீர் குறைகிறது, போகிற கொஞ்சமும் காபி டிக்காஷன் நிறத்தில் போகிறது. தலைவலி என்று சுருண்டு படுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

மருத்துவர் ரத்த அழுத்தம் பார்க்கிறார். அந்த வயதுக்கு இருக்க வேண்டியதைவிட மிக அதிகம். அடுத்து அவர் கேட்கும் கேள்விதான் பெற்றோரைக் குழப்பும்.

"ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னாடி தொண்டை வலி, காய்ச்சல்னு ஏதாவது வந்துச்சாம்மா? இல்ல, கை காலுல சிரங்கு?"

"சிரங்கு வந்துச்சு டாக்டர். ஆனா அதுதான் ஆறிப்போச்சே!"

அந்தத் தாய் சொல்வது சரிதான். புண் ஆறிவிட்டது. பையனின் சிறுநீரை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தாலும் கிருமி முளைக்காது. சிறுநீரகத்தில் சீழ் கிடையாது. அப்படியிருக்க, காலில் வந்துபோன புண்ணுக்குச் சிறுநீரகம் ஏன் தண்டனை அனுபவிக்கிறது? அதுவும் புண் இருந்தபோது சும்மா இருந்துவிட்டு, ஆறிய பிறகு ஏன்?

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியின் தொற்றுக்குப் பிந்தைய குளோமருலோநெஃப்ரைடிஸ் என்பது இந்த நோயின் முழுப்பெயர்; சுருக்கமாக நெஃப்ரைடிஸ். தொண்டையில் தொற்று வந்தால் ஒன்று முதல் மூன்று வாரம், தோலில் வந்தால் மூன்று முதல் ஆறு வாரம் கழித்து இது தலைகாட்டும். சிறுநீரகத்தைப் புண்ணாக்குவது கிருமி நேரடியாகச் செய்யும் வேலை அல்ல, கிருமிக்கு உடம்பு தரும் பதில்தான் என்று மருத்துவத்துக்குக் காட்டிக்கொடுத்ததே இந்த நாள் கணக்குதான். அது எப்படி என்று பார்ப்போம்.

பத்து லட்சம் முடிச்சுகள்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பக்கத்திலும் குளோமருலஸ் என்ற நுண்குழாய் முடிச்சு. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. இதயம் இறைக்கும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே வந்து சேருகிறது. ஒரு நாளில் 180 லிட்டர் நீர் இந்த முடிச்சுகளின் சுவர் வழியே வடிகிறது. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர் மட்டும் சிறுநீராக வெளியேற, மிச்சமெல்லாம் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

வடிகட்டும் சுவருக்கு மூன்று அடுக்கு. உள்ளே, பொத்தல் பொத்தலான ரத்தக்குழாய்ச் செல்கள். நடுவில் அடிப்படலம், தடிமன் ஒரு மில்லிமீட்டரின் மூவாயிரத்தில் ஒரு பங்குதான். வெளியே, நீண்ட பாதங்களை ஒன்றோடொன்று கோத்து நிற்கும் போடோசைட் செல்கள். நீர், உப்பு, யூரியா எல்லாம் இந்தச் சுவரைத் தாண்டும். ரத்தச் சிவப்பணு தாண்டாது. ஆல்புமின் என்ற ரத்தப் புரதமும் அநேகமாகத் தாண்டாது.

இந்த முடிச்சுக்குள் ரத்த அழுத்தம் உடம்பின் மற்ற நுண்குழாய்களில் இருப்பதைவிட அதிகம். நீர் வெளியேறிக்கொண்டே இருப்பதால், ரத்தத்தில் மிதக்கும் பெரிய மூலக்கூறுகள் சுவரை ஒட்டிச் செறிவடைகின்றன. ஆகவே ரத்தத்தில் வேண்டாதது ஒன்று சுற்றத் தொடங்கினால் அது முதலில் படிய வாய்ப்புள்ள இடங்களில் ஒன்று குளோமருலஸ்.

படிந்த இடத்தில் அழற்சி மூண்டால் என்ன நடக்கும்? வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன; உள்ளிருக்கும் செல்கள் பெருகி வீங்குகின்றன; ரத்தம் ஓடும் வழி அடைபடுகிறது. வடிவது குறைகிறது. உப்பும் நீரும் உடம்பிலேயே தங்குகின்றன. முகவீக்கமும் ரத்தக் கொதிப்பும் இதனால்தான். அழற்சியில் சுவர் கிழிந்த இடத்தில் சிவப்பணுக்கள் நழுவிச் சிறுநீரில் விழுகின்றன. அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் அவற்றின் ஹீமோகுளோபின் பழுப்பாக மாறுகிறது. டிக்காஷன் நிறத்தின் ரகசியம் அது.

கரண்டியும் மெழுகுவர்த்தியும்

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் ஸ்கார்லெட் காய்ச்சல் குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. தொண்டைப் புண்ணும் உடம்பெல்லாம் சிவந்த தடிப்புமாக வரும் இதுவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸின் வேலைதான். கிருமி என்ற கருத்தே வேரூன்றாத காலத்தில், 1812இல், லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் ஒன்றைக் கவனித்து எழுதினார். காய்ச்சல் தணிந்து, குழந்தை பிழைத்துவிட்டது என்று வீட்டார் மூச்சுவிடும் வேளையில் சில குழந்தைகளுக்கு உடம்பு வீங்குகிறது. சிறுநீரில் ரத்தமும் ரத்தத்தின் நீர்ப்பகுதியும் கலந்து வருகின்றன.

இந்த வீக்கத்தைச் சிறுநீரகத்தோடு முடிச்சுப்போட்டவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட். அவரது கருவி ஒரு கரண்டி, ஒரு மெழுகுவர்த்தி. வீங்கிய நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்துச் சுடர்மேல் காட்டுவார். ஆரோக்கியமான சிறுநீர் கொதிக்கும், அவ்வளவுதான். இந்த நோயாளிகளின் சிறுநீரோ சூடேற ஏற மங்கும்; பிறகு வெள்ளை வெள்ளையாகத் திரியும். ரத்தத்தைவிட்டு வெளியேறியிருக்கக் கூடாத ஆல்புமின், வெப்பத்தில் உறைந்து கண்ணுக்குத் தெரியும். அதே நோயாளி இறந்த பிறகு பிரைட் சிறுநீரகத்தை அறுத்துப் பார்த்தார், அது சிதைந்திருந்தது. வீக்கம், ஆல்புமின், கெட்டுப்போன சிறுநீரகம் மூன்றையும் ஒரே நோயின் முகங்களாக அவர் 1827இல் வெளியிட்டார். நூறாண்டுக்கு மேலாக நெஃப்ரைடிஸுக்கு 'பிரைட் நோய்' என்றே பெயர். இன்றைக்கு எந்த ஆய்வுக்கூடத்திலும் சிறுநீரில் தோய்த்து எடுக்கும் காகிதப் பட்டை, நிறம் மாறிக் காட்டுவதும் அதே ஆல்புமினைத்தான்.

வியன்னாவின் நாட்காட்டி

எங்கே நோய் என்று தெரிந்தது. ஏன் தாமதம் என்பதற்கான விடை சிறுநீரகத்திலிருந்து வரவில்லை, குதிரையிலிருந்து வந்தது.

1890களில் டிப்தீரியாவுக்கு மருந்து என்றால் குதிரைச் சீரம். குதிரைக்கு டிப்தீரியா நச்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் ஊறும் முறிவைப் பிரித்தெடுத்துக் குழந்தைக்கு ஊசி போடுவார்கள். ஆயிரக்கணக்கில் உயிர்கள் பிழைத்தன. ஆனால் சில குழந்தைகளுக்கு ஊசி போட்டு எட்டு முதல் பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி, நெறிகட்டு, சிலருக்குச் சிறுநீரில் ஆல்புமின் என்று புதிதாக ஒரு நோய் கிளம்பியது. வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே, பேலா ஷிக் என்ற இரு இளம் குழந்தை மருத்துவர்கள் இதை நாள் தவறாமல் குறித்துவைத்து, 1905இல் 'சீரம் நோய்' என்ற நூலாக வெளியிட்டார்கள்.

அவர்களுடைய வாதம் எளிமையானது. குதிரைச் சீரமே நஞ்சு என்றால் ஊசி போட்ட அன்றே நோய் வர வேண்டும். வரவில்லை. அதே குழந்தைக்குப் பிறகொருமுறை சீரம் செலுத்தினால் இடைவெளி சுருங்குகிறது. சில சமயம் அன்றைக்கே நோய் வருகிறது. சீரம் மாறவில்லை. மாறியது குழந்தையின் உடம்பு. முதல் ஊசிக்கும் நோய்க்கும் இடையிலான நாட்கள், அந்நியப் புரதத்துக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்க எடுத்துக்கொண்ட நாட்கள். எதிர்ப்பொருளும் அந்நியப் புரதமும் ரத்தத்தில் சந்திக்கும்போதுதான் நோய் பிறக்கிறது. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருளே நோய்க்கும் காரணமாகலாம் என்பது அன்றைக்குக் கேட்கப் பொறுக்காத கருத்து.

1907இல் ஷிக் அடுத்த அடியை எடுத்துவைத்தார். ஸ்கார்லெட் காய்ச்சலுக்குப் பின்வரும் சிறுநீரக நோயிலும் இதே போன்ற இடைவெளி இருக்கிறதே என்று சுட்டிக்காட்டினார். நுண்ணோக்கியில் எதையும் காணாமல், நாட்காட்டியை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் பிடித்த உண்மை அது.

முயல் தந்த சாட்சி

சாட்சி கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1950களில் அமெரிக்காவில் ஃபிராங்க் டிக்ஸனும் அவர் குழுவும் முயல்களுக்கு மாட்டு ஆல்புமினை ஊசியில் செலுத்தினார்கள். அதில் கதிரியக்க அயோடின் ஒட்டப்பட்டிருந்ததால், ரத்தத்தில் அது எவ்வளவு மிச்சம் என்று தினமும் அளக்க முடிந்தது.

முதல் வாரம் ஆல்புமின் மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு எதிர்ப்பொருள் ஊறத் தொடங்கியதும் சட்டென்று சரிந்தது. சரிகின்ற அந்தச் சில நாட்களில் ரத்தத்தில் ஆல்புமினும் எதிர்ப்பொருளும் பிணைந்த கூட்டுகள் சுற்றின. துல்லியமாக அதே நாட்களில் முயலின் குளோமருலஸிலும் மூட்டிலும் ரத்தக்குழாயிலும் அழற்சி தோன்றியது. கூட்டுகள் ரத்தத்திலிருந்து துடைக்கப்பட்டதும் சிறுநீரகம் தானாகவே தேறியது. ஒரே ஊசி, ஒரே தாக்குதல், பிறகு குணம். சிரங்குக்குப் பின் படுத்து எழும் பையனின் கதை கிட்டத்தட்ட இதுவே.

டிக்ஸன் குழு இன்னொன்றும் செய்தது. ஆல்புமினை ஒரே முறை செலுத்தாமல், சிறு அளவில் நாள்தோறும் செலுத்தியது. அந்த முயல்கள் தேறவில்லை. அவற்றின் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெட்டது. தொற்று வந்துபோவது ஒன்று, உள்ளேயே குடியிருப்பது வேறொன்று என்ற பாடம் அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

ஊசியில் வந்த இழை

மனிதரின் சிறுநீரகத்தை உயிரோடு இருக்கும்போதே பார்க்க வழி பிறந்தது 1951இல். கோபன்ஹேகனில் பவுல் இவர்சனும் கிளாஸ் புருனும் முதுகுப்புறமாக ஊசி செலுத்திச் சிறுநீரகத் துணுக்கை எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். 1954இல் சிகாகோவின் ராபர்ட் கார்க்கும் ராபர்ட் மியூர்க்கியும் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து அதை மேம்படுத்தினார்கள். பயாப்ஸி என்று இன்று எல்லோரும் சொல்லும் அந்தச் சோதனையில் வருவது நூல் தடிமனில், ஓரிரு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு வெளிறிய சதை இழை. அதற்குள் பத்து, இருபது குளோமருலஸ்கள் அகப்பட்டால் போதும்.

அந்த இழையை மூன்றாகப் பங்கிட்டு மூன்று விதமாகப் பார்க்கிறார்கள். முதல் பங்கு, சாயமேற்றி சாதாரண நுண்ணோக்கிக்கு. நம் பையனின் குளோமருலஸ் அதில் உப்பிப் பெருத்து, வெள்ளையணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு, ரத்தம் போக இடமில்லாமல் தெரியும்.

இரண்டாம் பங்கில்தான் விஷயம் இருக்கிறது. ஹார்வர்டின் ஆல்பர்ட் கூன்ஸ் 1941இல் எதிர்ப்பொருள்மீது ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்தார். ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சலில் புண்பட்ட திசுவுக்குள் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில் பிறந்த யோசனை அது. அதே உத்தி சிறுநீரகத் துணுக்குகளுக்கு வந்தபோது, இருட்டில் பச்சையாக ஒளிர்ந்தது ஷிக் ஊகித்த அந்த எதிர்ப்பொருள். ஒளிர்கிற விதத்திலும் ஒரு சேதி இருந்தது. குட்பாஸ்சர் நோய் என்று ஒன்று. அதில் எதிர்ப்பொருள் அடிப்படலத்தையே எதிரியாகப் பிடித்துக்கொள்வதால், கோலத்தில் இழை இழுத்ததுபோல் சுவர் நெடுகச் சீராக ஒளிரும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நெஃப்ரைடிஸிலோ இழை கிடையாது. புள்ளி வைத்ததோடு நின்றுவிட்ட கோலம். திட்டுத்திட்டாக, வெளியிலிருந்து வந்து படிந்தவை அவை.

மூன்றாம் பங்கு எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு. அடிப்படலத்தின் வெளிப்புறத்தில், போடோசைட் பாதங்களுக்கு அடியில், கரிய திமில்கள் துருத்திக்கொண்டிருக்கும். இந்த நோயின் அடையாள முத்திரை அவை.

ஒளிரும் புள்ளிகளில் எதிர்ப்பொருளோடு இன்னொருவரும் உண்டு. காம்ப்ளிமென்ட் என்ற புரத வரிசையில் மூன்றாவதான சி3. எதிரியைக் கண்டதும் ஒன்றையொன்று தூண்டிவிட்டு, வெள்ளையணுக்களைக் கூவி அழைத்து, எதிரியின் சுவரில் துளைபோடும் புரதப் படை அது. அது சிறுநீரகத்தில் செலவாவதால் ரத்தத்தில் சி3 அளவு விழுந்துவிடுகிறது. ஆகவே பெரும்பாலான குழந்தைகளுக்கு ஊசி குத்திச் சதை எடுக்கத் தேவையே வருவதில்லை. சி3 குறைந்திருக்கிறதா, ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் கூடியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். தொண்டைத் தொற்றுக்கு ஏஎஸ்ஓ சோதனை உதவும். தோல் தொற்றில் அது அவ்வளவாக ஏறாது, டிஎன்ஏஸ்-பி எதிர்ப்பொருளைத் தேட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் சி3 பழைய நிலைக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால்தான் இது வேறு நோயோ என்ற சந்தேகம் எழுந்து, பயாப்ஸிக்கு வேலை வரும்.

எந்தக் கிருமி, எந்தத் துண்டு?

தொண்டை வலி வந்த எல்லாக் குழந்தைக்கும் சிறுநீரகம் கெடுவதில்லை. ஏன்? 1950களின் தொடக்கத்தில் சார்லஸ் ராமல்காம்ப் ஒரு விடை சொன்னார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனத்தில் மேற்பரப்பின் எம் புரதத்தை வைத்துப் பல வகைகள் உண்டு; அவற்றுள் சில மட்டுமே சிறுநீரகத்துக்கு ஆகாதவை. மேரிலாந்தின் பெயின்பிரிட்ஜ் கடற்படைப் பயிற்சி முகாமில் தொண்டைத் தொற்றும் நெஃப்ரைடிஸும் பரவியபோது, வகை 12 கையும் களவுமாகப் பிடிபட்டது. 1953இல் மினசோட்டா மாநிலத்தின் ரெட் லேக் பழங்குடிப் பகுதியில் குழந்தைகள் கூட்டம் கூட்டமாக நெஃப்ரைடிஸில் விழுந்தார்கள். அங்கே தொண்டையைவிடத் தோல் புண்ணே பிரதானமாக இருந்தது. கிருமி பிற்பாடு வகை 49 என்று அறியப்பட்டது. 1966இல் அதே ஊரில் அதே வகை மறுபடியும் வந்தது.

வகை தெரிந்தால் போதுமா? அந்தக் கிருமியின் எந்தப் புரதம் சிறுநீரகத்தில் போய் உட்காருகிறது என்று தெரிய வேண்டாமா? இரண்டு புரதங்கள் மீது நீண்ட நாளாகக் கண். ஒன்று, ஜப்பானிய ஆய்வாளர்கள் முன்வைத்த என்ஏபிஎல்ஆர். பிளாஸ்மின் என்ற நொதியைப் பிடித்துவைத்து அடிப்படலத்தை அரிக்கச் செய்வது. மற்றொன்று, வெனிசுவேலாவில் பெர்னார்டோ ரோட்ரிகஸ் இதுர்பேயின் குழு வலியுறுத்திய ஸ்பெ-பி. இது நேர்மின்னூட்டம் கொண்டது. எதிர்மின்னூட்டமுள்ள அடிப்படலத்தை எளிதில் ஊடுருவி மறுபுறம் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே எதிர்ப்பொருள் தேடிவந்து பிடிக்கும். ரத்தத்தில் உருவான கூட்டு வந்து சிக்குகிறது என்ற டிக்ஸன் காலத்துச் சித்திரம் இங்கே மாறுகிறது. கூட்டு உருவாவதே சிறுநீரகத்தில்தான். அடிப்படலத்தின் வெளிப்புறத்தில் திமில்கள் எப்படி வந்தன என்பதற்கு இந்த விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது.

அப்படிப் பொருந்திவந்த விளக்கத்தை ஒரு பிரேசில் ஊர் கலைத்துப்போட்டது. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் நோவா செரானாவில் 1997 டிசம்பரிலிருந்து 1998 வரை 253 பேருக்கு நெஃப்ரைடிஸ் வந்தது. ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது; மூன்று பேர் இறந்தார்கள். வழக்கத்துக்கு மாறாகப் பெரும்பாலோர் வயதுவந்தவர்கள். துப்புத் துலக்கியபோது, பாஸ்டர் முறையில் காய்ச்சாத பாலில் செய்த பாலாடைக்கட்டியில் கொண்டுபோய் விட்டது. கிருமியும் வழக்கமான ஏ பிரிவு இல்லை. மாடு, குதிரைகளைத் தொற்றும் சி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். 2008இல் அதன் முழு மரபணுத் தொகுதியையும் வாசித்துப் பார்த்தார்கள். ஸ்பெ-பி மரபணு அதில் இல்லவே இல்லை. அந்தப் புரதம் இல்லாமலும் நெஃப்ரைடிஸ் வரும் என்பது உறுதியானது.

2020இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இன்னொரு கதவைத் திறந்தார்கள். தொற்றுக்குப் பிந்தைய நெஃப்ரைடிஸ் வந்த 34 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்ததில் 31 பேரிடம், அவர்களுடைய சொந்த காம்ப்ளிமென்ட் புரதமான ஃபேக்டர் பி மீதே எதிர்ப்பொருள் இருந்தது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய படை, தற்காலிகமாகத் தன் ஆயுதக் கிடங்கின் தாழ்ப்பாளையும் திறந்துவிடுகிறது. குழந்தை தேறியதும் இந்த எதிர்ப்பொருள் மறைகிறது, சி3 ஏறுகிறது. கிருமியின் துண்டு, அதன் எதிர்ப்பொருள், கட்டவிழ்ந்த காம்ப்ளிமென்ட் ஆகிய மூன்றும் கூடிச் செய்யும் காரியம் இது என்பதே இன்றைய புரிதல்.

நாள் கணக்கு மாறினால் நோயும் வேறு

இடைவெளி ஒரு வரலாற்றுத் துப்பாக மட்டும் நின்றுவிடவில்லை. இன்றும் மருத்துவர் அதைவைத்தே நோயைப் பிரித்தறிகிறார்.

தொண்டை வலி வந்த அன்றோ மறுநாளோ சிறுநீர் சிவந்தால், அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நெஃப்ரைடிஸ் இல்லை; எதிர்ப்பொருள் புதிதாக ஊற அவகாசமே இல்லை. பெரும்பாலும் அது ஐஜிஏ நெஃப்ரோபதி. 1968இல் பாரிஸில் ஜான் பெர்ஜேயும் நிக்கோல் ஆங்கிலேயும் அதே ஒளிரும் சாயத்தைக் கொண்டு கண்டறிந்தது. தொண்டை, குடல் போன்ற சவ்வுகளைக் காக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருளின் சர்க்கரை வாலில் கேலக்டோஸ் குறைவாக அமைந்துவிட, அதையே அந்நியமென்று எண்ணி மற்ற எதிர்ப்பொருள்கள் பிடிக்கின்றன. கூட்டுகள் குளோமருலஸின் நடுத்தண்டில் சேர்கின்றன. இது ஏற்கெனவே உள்ளே இருக்கும் நோய். தொண்டைத் தொற்று அதைக் கிளறிவிடுகிறது. வந்துபோகும் விருந்தாளியும் அல்ல, பல ஆண்டு உடனிருக்கும். நம் நாட்டில் அது எவ்வளவு வேகமாகச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 201 நோயாளிகளைச் சேர்த்துத் தொடர்ந்து கண்காணித்தது.

இடைவெளியே இல்லாத வகையும் உண்டு. தொற்று இன்னும் உடம்பில் இருக்கும்போதே சிறுநீரகம் கெடுவது. தினமும் ஊசி பெற்ற டிக்ஸனின் முயல்களை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். இதய வால்வில் குடியேறிய கிருமி, மூளைநீரை வடிக்கப் பொருத்திய குழாயில் ஒட்டிய கிருமி, குழந்தைகளிடம் நாள்பட்ட ஒருவகை மலேரியா ஆகியவை, எதிர்ப்பொருளைத் தூண்டும் ஆன்டிஜெனை நாள்தோறும் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். முதியவர்களிடம், குறிப்பாகச் சர்க்கரை நோயால் பாதம் புண்ணாகி அதில் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி ஏறியவர்களிடம், ஐஜிஏ படியும் நெஃப்ரைடிஸ் இப்போது அதிகமாகக் கவனிக்கப்படுகிறது. பயாப்ஸி மேலோட்டமாகப் பெர்ஜே கண்டறிந்த ஐஜிஏ நெஃப்ரோபதிபோலவே தோன்றும். அப்படி நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால், உள்ளே இருக்கும் தொற்றுக்கு ஊட்டம் கொடுத்ததாகிவிடும். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கும் மருத்துவர் அங்கே ஓர் உயிரைக் காப்பாற்றுகிறார்.

வார்டில் நடப்பது

நம் பையனுக்கு வருவோம். படிந்ததைக் கரைக்கும் மருந்து எதுவும் கிடையாது. தேவையும் பெரும்பாலும் இல்லை. உடம்பே சில வாரங்களில் துடைத்துவிடும். அதுவரை உப்பும் நீரும் தேங்கி உயிருக்கு உலை வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. உப்பில்லாச் சாப்பாடு, அளந்து தரும் தண்ணீர், சிறுநீர் பிரிய ஃபுருசமைடு, ரத்த அழுத்தத்துக்கு மருந்து, தினமும் எடை. ரத்தக் கொதிப்பை விட்டுவிட்டால் வலிப்பு வரும், நுரையீரலில் நீர் கோக்கும்; இந்த நோயில் குழந்தைகள் இறப்பது அநேகமாக இவற்றால்தான். மிச்சமிருக்கும் கிருமி அடுத்தவருக்குப் பரவாமலிருக்கப் பெனிசிலின் தருவார்கள். சிறுநீரகம் அதனால் விரைவில் ஆறிவிடாது. ஸ்டீராய்டு, அழற்சி கட்டுமீறிப் போகும் அபூர்வ நிலைக்கு மட்டும்.

ஒரு வாரம், பத்து நாளில் சிறுநீர் பெருகும், வீக்கம் வடியும். கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் சில மாதங்கள் கசிவது உண்டு. குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முழுக்கத் தேறிவிடுகிறார்கள். வயதானவர்களிடம் அந்த உத்தரவாதம் கிடையாது. ஒருமுறை வந்தவருக்கு இது மறுபடி வருவது அபூர்வம். ருமாட்டிக் காய்ச்சல் அப்படியல்ல, திரும்பத் திரும்ப வந்து இதய வால்வைத் தின்னும்.

தோலில் தொடங்கும் தடுப்பு

தொண்டைப் புண் கண்டு ஒன்பது நாளுக்குள் பெனிசிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். நெஃப்ரைடிஸ் விஷயத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. தொற்று வராமல் தடுப்பதே நிச்சயமான வழி. 2005இல் உலக அளவில் போட்ட கணக்கில் ஆண்டுக்கு 4,70,000 பேருக்கு மேல் இந்த நெஃப்ரைடிஸ் வருவதாகவும், சுமார் 5,000 பேர் இறப்பதாகவும், நூற்றுக்கு 97 பேர் வளரும் நாடுகளில் இருப்பதாகவும் மதிப்பிட்டார்கள். பணக்கார நாடுகளில் குழந்தைகளிடம் இது அரிதாகிவிட்டதற்குப் புது மருந்து எதுவும் காரணமில்லை. இடமுள்ள வீடு, குழாயில் தண்ணீர், சீக்கிரம் கிடைக்கும் வைத்தியம், அவ்வளவுதான்.

சொறியிலிருந்து சிறுநீரகம்வரை ஒரு நேர்வழி இருக்கிறது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத சொறிப்பூச்சி தோலைக் குடைகிறது. குழந்தை இரவெல்லாம் சொறிகிறது. நகம் கீறிய இடத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஏறிச் சிரங்காகிறது. இந்த வழியை முதல் படியிலேயே அடைக்க முடியுமா என்று ஃபிஜித் தீவுகளில் சோதித்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. தீவு முழுக்க ஏறத்தாழ எல்லோருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்ததில், ஓராண்டில் சொறி 32.1 விழுக்காட்டிலிருந்து 1.9 விழுக்காடாக விழுந்தது. சிரங்கும் 24.6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைந்தது. இரண்டாண்டு கழித்து, 2017இல், உலக சுகாதார நிறுவனம் சொறியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

ஆகவே வீட்டில் ஒரு குழந்தைக்குச் சொறி என்றால் வைத்தியம் வீட்டிலுள்ள எல்லோருக்கும். மருத்துவர் எழுதித்தரும் பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே உடம்பெங்கும் தடவி இரவு முழுக்க விட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி தடவுங்கள். துணிமணி, போர்வைகளை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். சிரங்கு ஆறிய பிறகு ஆறு வாரமும், தொண்டைப் புண் ஆறிய பிறகு மூன்று வாரமும் குழந்தையின் காலை முகத்தையும் சிறுநீரின் நிறத்தையும் கவனியுங்கள். இரண்டில் ஒன்று மாறினாலும் அன்றைக்கே சிறுநீர் சோதனைக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பதற்கும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரண்டையும் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை.